வேலை என்னவென்று யாரைக் கேட்பது?

அமெரிக்கத் தொழிலாளர் துறை 1965இல் தன் தொழிற்பெயர் அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு அதில் எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் முக்கியம். வேலை செய்பவர் தகவல்களோடும் மனிதர்களோடும் பொருள்களோடும் எந்த அளவுக்குப் புழங்க வேண்டும் என்பதை அவை வரிசையாகச் சொல்லும். பூஜ்யம் என்றால் உச்சத் திறன். எட்டு என்றால் சொல்லும்படி ஒன்றுமில்லை. இந்தக் கணக்கில் நாய் பழக்குபவருக்கு 228 கிடைத்தது. வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வாங்கி நிறுத்துகிறவருக்கு 878. மழலையர் பள்ளி ஆசிரியைக்கும் அதே 878.

எட்டு, ஏழு, எட்டு. ஆசிரியைக்குத் தகவல்களோடு வேலையில்லை, மனிதர்களோடு இருக்கும் தொடர்பு பணிவிடை, பொருள்களோடும் வேலையில்லை. ‘கற்பித்தல்’ என்ற படிநிலைக்குத் தந்த விளக்கத்தில் விலங்குகளைப் பழக்குவதும் அடங்கும் என்று எழுதியிருந்தார்கள். அதனால் நாய்க்குக் கற்றுக்கொடுப்பவர் இரண்டாம் படியில் ஏறிவிட்டார். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பவர் ஏழாம் படியிலேயே நின்றார். 1975இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி விட், பாட்ரீசியா நஹெர்னி ஆகிய இருவர் இந்த 878ஐயே தலைப்பில் வைத்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பெண்கள் அதிகமாகச் செய்யும் வேலைகள் எப்படித் திரும்பத் திரும்ப இந்த எண்ணில் போய் விழுகின்றன என்று அதில் காட்டினார்கள். 1977இல் வந்த நான்காம் பதிப்பில் மழலையர் பள்ளி ஆசிரியையின் எண் 227 ஆனது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வேலை மாறவில்லை. மாறியது, பார்த்து எழுதியவர்களின் கண்.

இதில் யாரும் சதி செய்யவில்லை. பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளர்கள் வேலையிடத்துக்குப் போனார்கள், பார்த்தார்கள், படிவத்தில் குறித்தார்கள். ஒரு பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று தோன்றியிருக்கும். அந்த எண்ணத்துக்குப் படிவத்தில் தனியாகக் கட்டம் கிடையாது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் அதுதான் எழுதியது.

ஒரு வேலையில் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு என்ன அறிவும் திறனும் உடலும் மனமும் வேண்டும் என்று முறையாகக் கண்டறிவதைத் தொழில்சார் உளவியலில் பணிப் பகுப்பாய்வு என்கிறார்கள். பெயரைக் கேட்டால் மனிதவளத் துறையின் கோப்புச் சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, என்ன பயிற்சி தருவது, எத்தனை பேர் தேவை, எவ்வளவு ஊதியம், எங்கே ஆபத்து என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரு கோப்பை நம்பித்தான் நிற்கின்றன. கோப்பில் விடுபட்டது சம்பளத்திலும் விடுபடும். சில வேலைகளில் உயிர்ப் பாதுகாப்பிலும் விடுபடும். ஆகவே, கோப்பை எழுதும் பொறுப்பை ஒரு துறையிடமோ ஓர் ஆலோசனை நிறுவனத்திடமோ விட்டுவிட்டு நாம் எல்லோரும் ஒதுங்கி நிற்க முடியாது. இங்கே நான் வைக்க விரும்பும் வாதம் இதுதான்.

878க்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் ஊர் பால்வாடி டீச்சரை எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அந்த அமெரிக்க அறிக்கை வந்த அதே ஆண்டு. நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல். அங்கே வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். அவர் ஊழியர் இல்லை, கௌரவப் பணியாளர். மிச்ச நேரத்தில் ஊருக்குச் செய்யும் தொண்டு என்பதுதான் தொடக்க காலத்து எண்ணம். அந்த எண்ணமே ஏட்டில் ஏறி, ஐம்பது ஆண்டுகளாக இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அந்த மையத்துக்குள் ஒரு பகல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. எடை, உயரம் எடுத்து வளர்ச்சி அட்டையில் குறிப்பு. சோறு, முட்டை, சத்துமாவுக் கணக்கு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரிளம் பெண்கள் என்று தனித்தனிப் பட்டியல். தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியருக்குத் துணை. வீடு வீடாகப் போய் வருவது. 2021 முதல் இத்தனையையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது. சிக்னல் கிடைக்காத ஊரில் அதை எப்போது, எங்கே நின்று ஏற்றுகிறார் என்ற விவரம் எந்தப் பணி விவரக் குறிப்பிலும் வராது. இதற்கு நடுவே வாக்காளர் பட்டியல் வேலை, கணக்கெடுப்பு வேலை.

2006இல் கர்நாடக அரசு தொடர்பான அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கிலோ, அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது தீர்ப்பில் கவனிக்க வேண்டியது, நீதிபதிகள் அங்கே வந்து சேர்ந்த வழி. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் அந்தப் பணியாளர் தோளில் ஏற்றியிருக்கும் கடமைகளை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த பிறகு, இதைப் பகுதிநேர வேலை என்று ஏற்க முடியாது என்றார்கள். நிர்வாகம் நடத்தியிருக்க வேண்டிய பணிப் பகுப்பாய்வை நீதிமன்றம் நடத்தியது என்றே சொல்லலாம். வழக்குக் கட்டு வழியாகத்தான் ஒரு வேலை கண்ணில் படும் என்றால், வழக்குப் போட வசதியில்லாத வேலைகள் என்ன ஆகும்?

இந்தத் துறையில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. கூட இருந்து பார்ப்பது, நேர்காணல், நாள்குறிப்பு, பகுப்பாய்வாளரே அந்த வேலையைக் கொஞ்ச நாள் செய்து பார்ப்பது என்பவை எல்லாம் பழைய வழிகள். 1972இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் மெக்கார்மிக்கும் சகாக்களும் வெளியிட்ட கேள்வித்தாள் ஏறக்குறைய இருநூறு கூறுகளைக் கொண்டு எந்த வேலையையும் எந்த வேலையோடும் ஒப்பிடப் பார்த்தது. அதைப் படித்து நிரப்பக் கல்லூரி அளவுக்குப் படிப்பு வேண்டும் என்பது அதன் மேல் அன்றே எழுந்த புகார். துப்புரவுப் பணியாளரின் வேலையைப் பற்றிய கேள்விகளை அவரைத் தவிர மற்றவர்கள் நிரப்பினால் என்ன கிடைக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த முறை ஜான் ஃப்ளனகன் 1954இல் விரிவாக எழுதியது. நெருக்கடி நிகழ்வு முறை என்று அதைச் சொல்லலாம். அது பிறந்த கதையும் நல்ல கதை. 1941இல் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து ஆயிரம் பேர் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். ஏன் தேறவில்லை என்று பயிற்சியாளர்கள் எழுதிவைத்த காரணங்களை உளவியலாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பறக்கும் திறமை இயல்பிலேயே இல்லை, போதிய முன்னேற்றம் இல்லை, முடிவெடுக்கத் தெரியவில்லை என்கிற ரீதியில் இருந்தன. ஆயிரம் காரணங்களில் ஒன்றைக் கொண்டும் அடுத்த ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நம் அலுவலகங்களின் ரகசியக் குறிப்பேடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை புதிதாக இருக்காது.

ஃப்ளனகன் கேள்வியை மாற்றினார். ஆள் எப்படி என்று கேட்காதே. என்ன நடந்தது என்று கேள். எந்தச் சூழ்நிலையில், அவர் என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது? இப்படிச் சேரும் நூற்றுக்கணக்கான உண்மைச் சம்பவங்களை அடுக்கிப் பார்த்தால், வேலையின் கழுத்தைப் பிடிக்கும் இடங்கள் தானாகத் தெரியவரும். பிழை ஆளிடம் இருக்கிறதா, வேலை அமைந்திருக்கும் விதத்திலா என்பதும் தெரியும். அதே போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஓடுபாதையில் பத்திரமாக இறங்கிய பிறகு, சில விமானிகள் இறக்கை மடிப்புகளை மடக்குவதாக நினைத்துக்கொண்டு சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானி பிழை என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்கும் உரிய விசைகள் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. சக்கர விசையின் மேல் சிறு சக்கரம் போன்ற முனையையும் மடிப்பு விசையின் மேல் ஆப்பு வடிவ முனையையும் பொருத்தினார். கை தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. யாருக்கும் தண்டனை தேவைப்படவில்லை.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். பேருந்துப் பணிமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரேஷன் கடையிலும், ‘போன மாதம் வேலை தடுமாறிய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், நன்றாக முடிந்த ஒன்றையும் சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சொன்னவர் மேல் மறுநாள் மெமோ வரக்கூடாது.

அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மாசசூசெட்ஸில் இருந்த வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலை சாட்சி. 1911 ஆகஸ்டில், வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் ஃபிரெடரிக் டெய்லரின் முறைப்படி வார்ப்புப் பட்டறையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து நின்றார். தன்னை அளக்கக்கூடாது என்று மறுத்த ஒரு தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வார்ப்பாளர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போய், 1915 முதல் ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பதற்கு நிதி ஒதுக்கக்கூடாது என்ற விதியில் முடிந்தது. அந்த வார்ப்பாளர்கள் அளவீட்டுக்கே எதிரிகள் என்று நான் நினைக்கவில்லை. அளந்த பிறகு வரும் எண் யாருக்குச் சாதகமாகப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் ‘வொர்க் ஸ்டடி’க்கு ஆள் வருகிறார் என்றால் ஆலைக்குள் முதலில் கிளம்பும் பேச்சு ஆள்குறைப்பு பற்றித்தான். அந்தப் பேச்சைத் தொழிற்சங்கத்தின் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. அதற்கு வரலாறு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இந்திய மண்ணிலேயே உண்டு. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலைகள் 1950களின் தொடக்கத்தில் தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்தன. தறி புதிது, உற்பத்தி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் 1953இல் வந்து தறிக்கூடத்தைப் பார்த்தார். 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். ஆலை தன் வேலை அளவீட்டை ஏற்கெனவே முறையாகச் செய்திருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை தறி என்ற கணக்கும் இருந்தது. ஒரு நெசவாளருக்கு 24 முதல் 32 தறிகள். ஊடை நூல் நிரப்புபவருக்கு 40 முதல் 50. பாவு இழைகள் கொத்தாக அறுந்தால் கட்டித் தருபவருக்கு 60 முதல் 80. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கணக்கும் சரி. சேர்த்துப் பார்த்தால், எட்டு நெசவாளர்களுக்கு ஐந்து நூல் நிரப்புபவர்கள், மூன்று இழை கட்டுபவர்கள். அதாவது, ஒரு நெசவாளருக்கு எட்டில் ஐந்து பங்கு ஒருவர், எட்டில் மூன்று பங்கு இன்னொருவர். அந்தப் பங்கு ஆள்கள் எந்த நேரத்தில் எந்தத் தறியில் நிற்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தறி ஓடுவதற்கு இத்தனை பேரும் ஒருவரை ஒருவர் நம்பியிருந்தார்கள். ஏட்டிலோ 29 தனி ஆள்கள்.

ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். மேலாளரும் மேற்பார்வையாளர்களும் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, தொழிலாளர்கள் அந்த யோசனையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு யார் யார் எந்தக் குழு என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். 64 தறிகளுக்கு ஒரு குழு என்று அமைந்தது. முதல் மாதங்களில் ஏற்ற இறக்கம் இருந்தது. பிறகு உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. நிபுணர் பார்த்தது பாதி. அந்தப் பாதியை வேலைக்கு ஆகும்படி செய்தது தறிக்கூடத்தில் இருந்தவர்களின் அறிவு. நிர்வாகம் அதற்கு வழிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொழிலாளி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் வாதிட வரவில்லை. தன் வேலையைப் பற்றிக் கேட்டால் யாரும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள். அதில் ஊதியம் தொங்குகிறது அல்லவா. சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வார். வெளியிலிருந்து வருபவர் கண்ணுக்குத் தெரிவதை எழுதுவார். பிள்ளை அழப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்து மடியில் தூக்குவது கண்ணுக்குத் தெரியாது. மூவரில் ஒருவரை மட்டும் நம்பிய பகுப்பாய்வு ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கும். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்குத்தான் இங்கே ஒத்த கருத்து தேவைப்படுகிறது.

இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு, சங்கடமும் உண்டு. அரசுத் துறைகளுக்கு முதல் பங்கு: ஒரு புதிய பதிவேடோ செயலியோ கணக்கெடுப்போ சேர்க்கும் ஆணையில், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், அதற்குப் பதில் எந்தப் பழைய வேலை நீங்குகிறது என்ற இரண்டு வரியும் இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு ஆணை வருகிறது, நீக்குவதற்கு வருவதில்லை. செயலி வந்த பிறகும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்வது எத்தனை அலுவலகங்களில் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பணிப் பகுப்பாய்வின் முடிவு எப்போதும் கூடுதல் ஆள், கூடுதல் ஊதியம் என்றே வராது. சில வேலைகள் தேவையற்றுப் போய்விட்டன என்றும் வரலாம். அதைக் கேட்கும் மனமிருந்தால்தான், ‘இந்த வேலை கணக்கில் வரவில்லை’ என்று சொல்லும்போது குரலுக்கு எடை இருக்கும். நிர்வாகமும் பதிலுக்கு ஒரு வாக்குத் தர வேண்டும்: இந்த ஆய்வின் பெயரால் இப்போது இருக்கும் ஒருவரும் வேலை இழக்க மாட்டார்.

தனியார் முதலாளிகளுக்குச் சமீபத்துப் பாடம் ஒன்று இருக்கிறது. ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள். சேலை விற்பதற்கு நிற்க வேண்டிய நேரம் எவ்வளவு, நிற்கத் தேவையில்லாத நேரம் எவ்வளவு என்று எந்தக் கடையாவது அளந்து பார்த்துத்தான் நாற்காலியை எடுத்ததா? கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்கார இடம் தரவேண்டும் என்று கட்டாயமாக்கின. வாடிக்கையாளர் வராத நேரத்தில் நிற்பது அந்த வேலையின் பகுதி அல்ல என்பதைச் சட்டமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெண்களிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

அந்தக் கடைகளில் சேலை வாங்கியது நாம்தான். உட்கார்ந்து நூறு சேலையைப் பிரித்துப் போடச் சொன்னதும் நாம்தான். இந்தக் கடைசிப் பங்கைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதுவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பாத்திரம், துணி என்று பேசிவிட்டு, ‘இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க’ என்று நாளுக்கொன்று சேர்க்கிறோமே, அதுவும் பணி விவரம் எழுதாத வேலைதான். ஒரு தாளில் என்னென்ன வேலை, எவ்வளவு நேரம், எந்த நாள் விடுப்பு என்று இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். பேருந்து நடத்துநர் மேல் புகார் எழுதும்போதும், ‘மரியாதை தெரியாதவர்’ என்பதோடு நிறுத்தாமல் எந்த நிறுத்தத்தில், என்ன நேரத்தில், பேருந்தில் எவ்வளவு கூட்டம் இருந்தபோது, என்ன நடந்தது என்று எழுதலாம். முதல் வகைப் புகார் ஒருவரைத் தண்டிக்க மட்டும் உதவும். இரண்டாவது வகை, அந்தத் தடத்துக்கு இன்னொரு பேருந்து வேண்டும் என்பதைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

கல்லூரிகளில் உளவியலும் சமூகப் பணியும் மேலாண்மையும் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆய்வேடு என்று எதையோ எழுதிச் சமர்ப்பிக்கிறார்கள். அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு பருவமாவது, அனுமதியோடும் வேலை செய்பவரின் சம்மதத்தோடும், ஊரில் உள்ள ஒரு வேலையை முழுதாகப் பார்த்து எழுதச் சொல்லலாம். எழுதியதை முதலில் அந்தத் தொழிலாளிக்கே படித்துக் காட்டி, விட்டுப்போனது எது என்று கேட்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே தரலாம்.

இதற்கெல்லாம் செலவாகும், நேரமாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் பணிப் பகுப்பாய்வு நடக்காத இடத்தில் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகும் பதிவேடாகவும், முதுகுவலியாகவும், பதினைந்து ஆண்டு நடக்கும் வழக்காகவும் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே ஒரே ஒரு கோரிக்கையில் நாம் ஒத்துப்போவோம். இனி எந்தத் துறையிலாவது வேலைப்பளுவையோ ஊதியத்தையோ ஆள் எண்ணிக்கையையோ முடிவு செய்யக் குழு அமைத்தால், அந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்களில் குறைந்தது இருவர் அதில் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வந்து பதில் சொல்லிவிட்டுப் போகும் சாட்சியாக இல்லாமல், அறிக்கையில் கையெழுத்திடும் உறுப்பினராக இருக்க வேண்டும். குழு அமைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.